தபாலில் அனுப்பக் கூடாத பெட்டிகள்

தபாலதிபர் சபாநாதன் காலமான செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவருடைய வீடு இணுவிலில் என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்தால், ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனி, "போஸ்ற் மாஸ்ரர் போயிட்டாராம், உண்மையோ?" என்று கேட்டு எழுதியிருந்தாள். உண்மையா இல்லையா என்று பார்க்கச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியது மட்டும்தான் என் பங்கு. எங்கள் ஊர்ச் சாவுகள் இப்போது உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருகின்றன. இதற்கும் பழகிவிட்டேன்.

படலையடியில் இரண்டு பேர் வாடகைக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவருடைய மனைவி புவனக்கா பாயில் இருந்தார். என்னைக் கண்டதும் அழவில்லை. "தேத்தண்ணி கேட்டவர் தங்கச்சி. நான் ஊத்திக்கொண்டு வாறதுக்கிடையிலை கதிரையிலை சாய்ஞ்சுபோய்க் கிடக்கிறார்" என்றார். பாயில் எனக்கு இடம் விட்டு, "தம்பிக்குச் சொல்லியாச்சு. வாறானாம்" என்றார். பிறகு எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாத ஒரு குரலில், "இந்த முறை வருவான்" என்றார்.

தம்பி என்று அவர் சொன்னது அவர்களுடைய ஒரே மகன் கேதீஸ்வரனை. ஜேர்மனியில் இருக்கிறார். சண்டைக் காலத்தில், மீசை சரியாக முளைக்காத வயதில் போனவர். போனவர் போனவர்தான், அந்தப் படலையைத் திரும்பத் திறக்கவில்லை. மாஸ்ரரின் கடைசி இருபது வருட வாழ்க்கை என்பது அந்தப் படலை திறக்குமா என்ற ஒரு கேள்விதான். அதை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. தகரப் பெட்டிகளை வைத்துக்கொண்டு கேட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று உறவினர்கள் என்னிடம் கேட்டார்கள். தபால் கந்தோரில் எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பாவத்துக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஊரில் இறப்பவர்களுக்கெல்லாம் நான்தான் எழுதவேண்டும் என்று ஆகிவிட்டது. எத்தனை எழுதினேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். "அன்பும் பண்பும் நிறைந்தவர், ஈகைக் குணம் கொண்டவர்" என்று தொடங்கினால் கை தானாகவே கடைசி வரி வரைக்கும் போய்விடும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. மாஸ்ரரைப் பற்றியும் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த மனிதர் மலரை விரித்து வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் தபால் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது அவர் அங்கே தபாலதிபர். நல்ல உயரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா. அதிர்ந்து கதைக்கமாட்டார். முத்திரையைக் கடிதத்தின் மூலையில் நேராக ஒட்டாவிட்டால் மட்டும் முகம் சுருங்கும். எங்கள் கந்தோர் சின்னது. ஆனால் அந்த நாட்களில் ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஒவ்வொரு தபால் நாளும் வெளியில் தாய்மார் கூட்டமாக நிற்பார்கள். ஒருவருக்குப் பிரான்ஸிலிருந்து கடிதம், ஒருவருக்கு சுவிஸிலிருந்து பொதி, ஒருவருக்கு ஒன்றுமில்லை. பெயர் வாசிக்கும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். வாசித்து முடிந்த ஒரு நாள் மாஸ்ரர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "தங்கச்சி, ஊரிலை திரிஞ்ச பெடியள் எல்லாம் இப்ப முத்திரையாத்தான் வருகினம்" என்றார். அப்போது கேதீஸ் அருகிலுள்ள பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தார். பின்னேரங்களில் கந்தோருக்கு வந்து தகப்பனின் சைக்கிளில் முன்னுக்கு இருந்து வீட்டுக்குப் போவார்.

சில வருடங்களில் அவரும் போனார். அதன் பிறகு மாஸ்ரர் தபால் பையைத் தானே அவிழ்க்கத் தொடங்கினார். அதுவரை அது என் வேலை.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் முதல் பெட்டி வந்தது. கேதீஸுக்கு அங்கே ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் வேலை. படத்தட்டுகள், றேடியோ, ரி.வி. எல்லாம் விற்கும் கடை. அங்கிருந்து தகப்பனுக்கு ஒரு ஆங்கிலப் படத்தின் டி.வி.டி.யை அனுப்பியிருந்தார். மாஸ்ரர் தன் பெயருக்கு வந்த பொதிக்குத் தானே கையெழுத்து வைத்துத் தானே எடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் பிரித்தார். உள்ளே சாதாரண பிளாஸ்ரிக் உறை இல்லை. தகரத்தில் செய்த பெட்டி. மூடியில் ஒரு கப்பல், அதன் பாய்மரம் மட்டும் தகரத்தில் மேலெழும்பி நின்றது, விரலால் தடவினால் தெரியும். விசேடப் பதிப்பு, கொஞ்சம்தான் அடிப்பார்கள், முடிந்தால் முடிந்ததுதான் என்று மகன் ஒரு துண்டில் எழுதியிருந்தார். எங்களுக்குப் படம் பார்க்க ஆசை. மாஸ்ரர் படத்தட்டை என்னிடம் தந்துவிட்டுப் பெட்டியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதன் ஒரு மூலை வழியில் நசுங்கியிருந்தது. அதைப் பெருவிரலால் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

அன்றிரவே மகனுடன் கதைத்திருக்கிறார். "இனி உதுகளைத் தபாலிலை போடாதை. மூலை நசுங்கும். வேண்டி வைச்சிரு. வரேக்கை கையிலை கொண்டு வா" என்று.

நாற்பது வருடம் தபாலில் சோறு சாப்பிட்ட மனிதர் தபாலை நம்பவில்லை என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், வரும்போது அந்த நாட்டுப் பெட்டி ஒன்று கொண்டு வரலாம். தபாலிலோ வேறு ஆட்களிடமோ கொடுத்துவிடக் கூடாது.

இந்தப் பெட்டிகளைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரே படத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகப் பெட்டி செய்கிறார்கள். ஜப்பான்காரர் பெட்டிக்குக் குறுக்காக ஒரு கடதாசிப் பட்டி சுற்றுவார்கள். ஜேர்மன்காரர் எந்த வயதினர் பார்க்கலாம் என்ற அடையாளத்தை முன்பக்கத்திலேயே பெரிய நிறக் கட்டமாகப் போடுவார்கள். இப்படிச் சேர்ப்பவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. கொரியப் பெட்டி மற்றவற்றையெல்லாம் சாப்பிட்டுவிடும். மேலுறையைச் சரித்துப் பிடித்தால் படத்திலிருப்பவர் கண்ணை மூடுவார், நிமிர்த்தினால் திறப்பார். உள்ளே அஞ்சலட்டைகள், ஒரு சின்னப் புத்தகம், இது இத்தனையில் இத்தனையாவது பிரதி என்று இலக்கம் போட்ட ஒரு அட்டை. பின்பக்கத்தில் பசைப் பொட்டால் ஒட்டிய விபரத்தாளைக் கழற்றும்போது மாஸ்ரர் மூச்சு விடமாட்டார். மாரியில் துருப்பிடித்துவிடும் என்று மருந்துப் போத்தல்களுக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைப்பார். சலரோகம் என்கிற நீரிழிவு இல்லாத வீடு இங்கே இல்லை என்பதால் பொட்டலத்துக்குப் பஞ்சம் வரவில்லை.

பெட்டிகளை அடுக்கியது ஒரு பழைய தபால் பிரிக்கும் தட்டில். கந்தோரில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து வந்து நிறம் பூசியிருந்தார். சதுரம் சதுரமான அறைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே நாட்டின் பெயர் எழுதிய சீட்டு. பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க், லண்டன், கனடா, கொரியா. லண்டன் ஒரு நாடு இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எங்கடை ஆக்களுக்கு நாடுதான்" என்றார். ஜேர்மனி என்று எழுதிய அறை நடுவில் இருந்தது. அதில் மூலை நசுங்கிய அந்த முதல் பெட்டி மட்டும் இருந்தது.

படம் பார்த்தாரா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. வேறு நாட்டுப் படத்தட்டுகள் பல அவருடைய பழைய இயந்திரத்தில் ஓடவும் ஓடா. நான் ஒருமுறை கேட்டேன். "படம் எல்லாம் இப்ப போனிலை வருகுது. பெட்டி போனிலை வருமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த வீட்டில் பெட்டி திறப்பதற்கு ஒரு முறை இருந்தது. உலகத்தில் வேறு எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதைச் சேர்ப்பவர்கள் மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருப்பார்களாம். மாஸ்ரர் கிழிப்பார். அதையும் தான் கிழிக்கமாட்டார். கொண்டு வந்தவரைக் கதிரையில் இருத்தி, மேசையைத் துடைத்து, கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்து, "நீங்களே வெட்டுங்கோ" என்பார். அவர் வெட்டத் தொடங்கியதும் கேள்வி தொடங்கும். அந்தக் கடை எந்தத் தெருவிலை? பஸ்ஸிலை போனனீங்களோ, றெயினிலையோ? வேலையாலை வந்தோ, லீவு எடுத்துக்கொண்டோ? அங்கை அண்டைக்குப் பனியோ? வந்தவருக்குச் சலிப்பு வந்தாலும் புவனக்காவின் வடையும் தேநீரும் வந்துகொண்டிருப்பதால் எழும்ப முடியாது. ஒரு பெட்டி திறக்க ஒரு முழுப் பின்னேரம் போகும். முழு விலாசம் கேட்கும் தபால்காரப் புத்தி இன்னும் போகவில்லை என்று நான் பகிடி பண்ணுவேன்.

இதில் முறிந்தது புவனக்காவின் இடுப்பு. பெட்டி கொண்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது மாஸ்ரரின் அடுத்த சட்டம். ஆகவே ஒவ்வொருவருக்கும் வறுத்திடித்த மிளகாய்த்தூள், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, பனங்கட்டி என்று கட்டிக் கொடுக்கவேண்டும். "இஞ்சருங்கோ, உந்தத் தகரத்துக்கு நான் குசினிக்குள்ளை நிண்டு தும்மிச் சாகிறதோ?" என்று அவர் கத்துவது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஆனால் ஒருமுறையும் கட்டிக் கொடுக்காமல் விட்டதில்லை. மிளகாய் வறுக்க நானும் போய் நிற்பேன்.

ஒரு ஆவணியில் புவனக்காவின் தங்கை கனடாவிலிருந்து வந்தார். அவரிடம் மாஸ்ரர் குறிப்பிட்டு ஒரு பெட்டி சொல்லியிருந்தார். கனடாவில் மட்டும், ஒரே ஒரு கடையில் மட்டும் விற்றது. அந்த அம்மாவும் விடிய எழும்பி வரிசையில் நின்று வாங்கிவிட்டார். ஆனால் பயணப் பெட்டி கட்டும்போது நிறை கூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அந்த நிறுவைத் தராசுதான் கடவுள். அங்கே அவர் செய்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் செய்யமாட்டார்கள். மாஸ்ரரின் கையில் ஒரு வெள்ளைக் கடித உறையைக் கொடுத்து, பெருமையோடு சொன்னார்: "அத்தான், வெளியிலை இருந்த தகரம் சரியான பாரம். அதை எறிஞ்சுபோட்டு உள்ளுக்கிருந்த சாமானைப் பத்திரமாக் கொண்டு வந்தனான்."

புவனக்கா தங்கையைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தார். மாஸ்ரர் அந்த உறையை இரண்டு கையாலும் வாங்கினார். மேசையைத் துடைத்தார். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்து, "நீங்களே வெட்டுங்கோ" என்றார். கடை எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வரிசையில் நின்றீர்கள், குளிர் தாங்கினதா என்று எல்லாம் கேட்டார். அவர் போன பிறகு அந்தக் கடித உறையைக் கனடா அறையில் மற்றத் தகரங்களுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தார். கோபமே வராத மனிதர் என்று நான் வியந்தேன். என்ன வைத்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் ஜேர்மனியில் கேதீஸ் தகப்பன் சொன்னபடியே செய்துகொண்டிருந்தார். புதுப் பெட்டி வந்தால் வாங்கி வைப்பார். திருமணம் சென்னையில் நடந்தது. அங்கே இவர்கள் போய் மூன்று கிழமை நின்று மகனைப் பார்த்தார்கள். மகனும் சும்மா இருக்கவில்லை, தகப்பனை ஜேர்மனிக்குக் கூப்பிட இரண்டு முறை விசாவுக்குப் போட்டார். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை மாஸ்ரர் சம்மதிக்கவில்லை. பிறகு பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டுக் கடன், பிள்ளைக்குச் சோதனை, வேலை மாற்றம். ஒவ்வொரு வருடமும் ஆடிக்கு வாறன் என்பார். ஆவணி வந்துவிடும். நான் கேதீஸைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் பலம் எனக்கு இப்போது இல்லை. அங்கேயுள்ள வாழ்க்கையையும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை தொலைபேசியில் அவர், "அப்பா, உங்கடை பெட்டியள் இஞ்சை அரை அலுமாரியை நிரப்பிப்போட்டுது" என்று சொன்னது எனக்கும் கேட்டது. "இருக்கட்டும் தம்பி. அவசரமில்லை" என்றார் இவர். அவசரமில்லாத மனிதர் அன்று இரண்டு முறை ஜேர்மனி அறையைத் தூசு தட்டினார்.

இனிச் சொல்லப் போவது நடந்து இரண்டு வருடம் இருக்கும். நானும் புவனக்காவும் பின் விறாந்தையில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். தபால்காரர் ஒரு பொதியோடு வந்தார். ஜேர்மனியிலிருந்து. அனுப்பியவர் பெயர் கேதீஸ்வரன். அலுமாரியில் கிடந்தவற்றில் மிகவும் அருமையான ஒன்றை, தகப்பனின் பிறந்தநாளுக்கென்று, மூலை நசுங்காதபடி பஞ்சும் அட்டையுமாகச் சுற்றி அனுப்பியிருந்தார். பொதியில் ஒரு கீறல் இல்லை. மாஸ்ரர் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பொதியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: "பெறுநர் ஏற்க மறுத்தார். அனுப்பியவருக்குத் திருப்பவும்." கீழே கையெழுத்து வைத்தார்.

தபால்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஐயா, உது உங்கடை பேருக்குத்தானே வந்திருக்கு?"

"ஓம். அதாலைதான் மறுக்கிற உரிமையும் என்னட்டை இருக்கு. கொண்டு போம்."

புவனக்கா காம்போடு எழும்பி ஓடி வருவதற்குள் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது. பிறகு நடந்த சண்டையை எழுதத் தேவையில்லை. நானும் பொறுக்கமாட்டாமல் கத்தினேன். "மாஸ்ரர், உங்களுக்கென்ன விசரோ? பெட்டிக்கு ஒண்டும் நடக்கேல்லை. மூலை நசுங்கேல்லை. வடிவாத்தானே வந்திருக்கு?"

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "பெட்டி வந்திருக்கு, தங்கச்சி," என்றார். "ஆர் வந்தது?"

நான் அவருக்குக் கீழே எத்தனை வருடம் வேலை செய்தவள். தபால் நாளில் பெயர் வாசித்து முடிந்து வெறுங்கையோடு போன தாய்மாரை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவள். பொதியோடு போன தாய்மாரும் அதே முகத்தோடுதான் போனார்கள் என்பதை அவர் கண்டிருக்கிறார், நான் காணவில்லை. அந்தத் தட்டில் அவர் இத்தனை வருடமாக அடுக்கி வைத்தது வந்தவர்களை. வெறும் கடித உறைக்கு அங்கே இடமிருந்ததும் அதனால்தான்.

மகனுக்கு இது எப்படி விளங்கும்? திரும்பி வந்த பொதியைப் பார்த்ததும் அவர் தகப்பனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். தாயுடன் மட்டும் ஞாயிறு தோறும் கதைப்பார். அந்த நேரம் மாஸ்ரர் றேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் பத்திரிகை பார்ப்பார். பக்கம் திருப்பமாட்டார். "நீங்களாவது எடுத்துக் கதையுங்கோவன்" என்று நான் பலமுறை சொன்னேன். "அவன் கோவிக்கட்டும். கோவம் வந்தால் நேரிலை வந்து கேப்பான்" என்றார். பிடிவாதம் என்று சொல்லலாம். எனக்கு அவர் மேல் அப்போது கோபமும் இருந்தது, பரிதாபமும் இருந்தது. மாதங்கள் போயின. மாஸ்ரர் மெலிந்தார். கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினார். தட்டைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கடந்த தைப்பொங்கலன்று கேதீஸ் தாயிடம், "அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டாராம். மாஸ்ரர் தொலைபேசியை வாங்கி முதலில் கேட்டது சுகமா என்று இல்லை. "அந்தப் பெட்டி பத்திரமா வந்து சேந்ததோ?" என்று. மகன், "வந்தது. திரும்பி வரேக்கை ஒரு மூலை நசுங்கிப்போச்சு" என்றாராம். மாஸ்ரர் சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்த சத்தம் குசினிக்குள் கேட்டது என்று புவனக்கா எனக்குச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. "இந்த ஆடிக்குக் கட்டாயம் வாறன் அப்பா" என்று மகன் சொன்னார். எல்லா வருடமும் சொன்னதுதான். ஆனால் மாஸ்ரர் அடுத்த நாள் என்னிடம், "தங்கச்சி, இந்த முறை குரல் வேறை மாதிரி இருந்தது" என்றார்.

ஆடிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

மகனுக்காக மூன்று நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை வான் வந்து நின்றது. தலை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர் இறங்கினார். தோளில் ஒரு சின்னப் பை. கை இரண்டும் வெறுமையாக இருந்தன. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அவருடைய கையைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், வெட்கமில்லாமல். அவருக்கும் அது தெரிந்தது. தகப்பனின் காலடியில் போய் நின்று, "அவசரத்திலை வெளிக்கிட்டனான் அப்பா… ஒண்டும் எடுக்கேல்லை…" என்றார். பிறகு என்னிடம், ஆடிக்கு ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் நம்பினேன். இந்த வயதில் நம்பாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டும்.

மாஸ்ரர், இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு என் எழுத்தை முடிக்கிறேன். மலரில் இது பொருத்தமா என்று உங்கள் உறவினர்கள் யோசிக்கட்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள். ஆட்கள் போய்விட்டார்கள். கேதீஸுக்கு லீவு முடிகிறது, அடுத்த நாள் காலை அவர் வெளிக்கிட வேண்டும். அந்தியேட்டிக் கிரியையை உங்கள் தங்கை மகன் செய்வதாக ஒழுங்கு. நான் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். கேதீஸ் உங்கள் தட்டுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்து தன் நாட்டின் அறையில் நின்றுவிட்டார். பிறகு தாயின் பக்கத்தில் வந்து இருந்து, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அங்கேயுள்ள அலுமாரி. மேலிருந்து கீழ்வரை பெட்டிகள், ஒன்றிலும் கண்ணாடித்தாள் கிழியவில்லை.

"எல்லாம் அப்பாவுக்கு வேண்டினதுதான் அம்மா. போனவுடனை நல்லாப் பொதி பண்ணி எல்லாத்தையும் ஒண்டா அனுப்பிவிடுறன். அப்பான்ரை தட்டிலை அடுக்கி வைக்கலாம்."

புவனக்காவை உங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டிக்கும் மற்றப் பெட்டிக்கும் வித்தியாசம் கேட்டால் சொல்லத் தெரியாதவர். எல்லாமே அவருக்குத் தகரம்தான். அவர் அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தொலைபேசியை மகனின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்பாதை தம்பி," என்றார். "ஒவ்வொண்டாக் கொண்டு வா."

கேதீஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையிலிருந்த சட்டியை வைக்காமல் நின்றேன்.

"எத்தினை கிடக்கு?" என்று புவனக்கா கேட்டார்.

"நாப்பது மட்டிலை கிடக்கும் அம்மா."

புவனக்கா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்ப நான் இன்னும் கனகாலம் இருக்கவேணும்" என்றார்.

அடுத்த நாள் விடிய மகன் வெளிக்கிட்டபோது, படலை வரை வந்த தாயின் தலையில் கை வைத்து, சத்தியமா ஆடிக்கு வாறன் என்றார். வான் போன பிறகு புவனக்கா வெளி விறாந்தையில் ஒரு சுளகை எடுத்துப் போட்டு, தூளுக்கென்று சாக்கிலிருந்த செத்தல் மிளகாயைக் கொட்டி, காம்பு கிள்ளத் தொடங்கினார். ஆடிக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. நானும் பக்கத்தில் இருந்து கிள்ளினேன். மாஸ்ரர், இங்கே பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். நீங்கள் களைத்துப்போனீர்கள், போய் ஆறுங்கள்.